சாஃப்ட் ஷெல் ஜாக்கெட்: எல்லாத்துக்கும் ஒண்ணே போதுமா?

"மலைக்குப் போறேன், என்ன ஜாக்கெட் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் உடனே வரும் பதில் சாஃப்ட் ஷெல். காற்றைத் தடுக்கும், மழையைத் தாங்கும், வியர்வையை வெளியே விடும், ஒரே ஜாக்கெட்டில் மூணு வேலை முடிஞ்சுது என்பார்கள். இந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜாக்கெட் மோசம் என்று சொல்லவில்லை. குளிரும் வறண்ட காற்றும் உள்ள ஊர்களுக்காகச் சொன்ன அறிவுரையை, மாதம் பார்க்காமல், மலை பார்க்காமல் இங்கே திருப்பிச் சொல்கிறோம் என்பதுதான் என் புகார்.

முதலில் இது என்ன துணி என்று பார்ப்போம். மலை உடுப்பில் இரண்டு பழைய வகைகள் உண்டு. ஒன்று ஃபிளீஸ்: பஞ்சு மாதிரி இருக்கும் பாலியஸ்டர், சூடு தரும், ஆனால் காற்று உள்ளே புகுந்துவிடும். இன்னொன்று ஹார்ட் ஷெல்: மெல்லிய சவ்வு ஒட்டி, தையல் மேல் நாடா ஒட்டிய மழை ஜாக்கெட். 1969-ல் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நுண்துளைச் சவ்வாக்கினார். அதிலிருந்து வந்ததுதான் கோர்-டெக்ஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது சாஃப்ட் ஷெல். இழுத்தால் நீளும் நைலானோ பாலியஸ்டரோ வெளியே, பல மாடல்களில் மெல்லிய ஃபிளீஸ் உள்ளே, மேலே தண்ணீர் ஒட்டாத பூச்சு. பெரும்பாலானவற்றில் தையலுக்கு நாடா கிடையாது.

அந்தப் பூச்சைத்தான் கடைக்காரர்கள் மழைத் தடுப்பு மாதிரி பேசுகிறார்கள். தண்ணீர் தெளித்தால் தாமரை இலை மேல் உருளுவது போல உருளும், பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனால் பை வார் அழுத்தும் தோளிலும், தையல் ஓட்டைகளிலும், அரை மணி நேரம் விடாத மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அழுக்கு, உடம்பு எண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாம் பூச்சைக் கெடுக்கும். பழைய ஃபுளோரின் பூச்சுகள் சுற்றுச்சூழலைக் கெடுப்பதால் (அதில் ஒரு முக்கிய வேதிப்பொருள் 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது) இப்போது ஃபுளோரின் இல்லாத பூச்சுகள் வருகின்றன. நல்ல மாற்றம். ஆனால் இவை எண்ணெயை அவ்வளவாகத் தடுக்காது, அடிக்கடி துவைத்து மறுபூச்சு போடணும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது லேபிள் எண்கள். தண்ணீர் அழுத்தத்தை மில்லிமீட்டரில் போடுவார்கள், வியர்வை ஆவி போவதை ஒரு நாளைக்கு இத்தனை கிராம் என்பார்கள். இந்த இரண்டாவது எண்ணை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஒரே துணி ஒரு முறையில் ஒரு எண்ணும் இன்னொரு முறையில் பல மடங்கு வேறு எண்ணும் தரும். எந்த முறை என்று போடாத எண்ணை வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிடுவது வீண் வேலை.

"மூச்சு விடும் துணி" என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆவி வெளியே போக, உள்ளே ஆவியழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்கணும். 35 டிகிரி ஈரத் தோலுக்கு மேல் அது சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 5 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 0.7 தான், வித்தியாசம் 4.9. அதுவே காசிமேடு கடற்கரையில் 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் வெளியே 3.4, வித்தியாசம் 2.2. அதாவது பாதிக்கும் கீழே. மலையடிவாரத்துச் சூட்டில் எவ்வளவு விலை கொடுத்த ஜாக்கெட்டும் உள்ளே நனையத்தான் செய்யும். கழற்றிப் பையில் வைப்பதுதான் வழி.

சரி, மேலே? உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. தென்மேற்குப் பருவமழையில் நீலகிரியின் மேற்குப் பக்கமும் வால்பாறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடைக்கானல் பக்கமும் மழை விடாமல் பெய்யும். பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தாலே உடம்பு வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், பனி பெய்யணும் என்று இல்லை. இந்த மாதங்களில் சாஃப்ட் ஷெல்லை மட்டும் நம்பிப் போவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

காசிமேட்டில் மழைக்காலத்தில் படகில் வேலை பார்க்கிற அண்ணன்மார்களைப் பாருங்க. ஒரே சட்டை எல்லா வேலையும் பார்க்கும் என்று அவர்கள் தேடுவதில்லை. மழைக்கு பிளாஸ்டிக் கோட்டு, நின்றால் கழற்றிடுவாங்க. உள்ளே வியர்க்கும், அது தெரிந்துதான் போடுகிறார்கள். பையோடு மலையேறுகிறவருக்கு அந்தக் கோட்டு சரிவராது, வியர்வையிலேயே குளிச்சிடுவார். ஆனால் மழைக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைக்கும் புத்தி அவர்களிடம் கற்க வேண்டியது.

சாஃப்ட் ஷெல்லுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கு. ஜனவரி, பிப்ரவரியில் வானம் காய்ந்து, மேட்டில் காற்று அடிக்கும் விடியற்காலைக்கு அருமையான துணி. வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறுபவர்கள் பையில் வைத்துக்கொண்டு ஏழாவது மலையில் எடுத்துப் போடலாம். முள் கிழிக்காது, கை கால் தாராளமாக அசையும். ஒன்று மட்டும்: நைலானும் பாலியஸ்டரும் நெருப்புப் பொறி பட்டால் உருகி ஓட்டை விழும், முகாமில் அடுப்புப் பக்கம் ஜாக்கிரதை.

வாங்கும் வரிசை என் கணக்கில் இதுதான்: முதலில் தையல் நாடா ஒட்டிய மழை ஜாக்கெட், பிறகு சாதாரண ஃபிளீஸ், காசு மிஞ்சினால் மூன்றாவதாக சாஃப்ட் ஷெல். கடையில் உள்ளே ஒரு ஃபிளீஸோடு போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிப் பாருங்கள், இடுப்பு ஏறக்கூடாது. துணியை வாயில் வைத்து ஊதுங்கள். கொஞ்சம்கூடக் காற்று போகவில்லை என்றால் உள்ளே சவ்வு இருக்கு, ஏற்றத்தில் வேகும். லேசாகக் காற்று போனால் நடக்க நல்லது. அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது.