மடாலயமும் பொதியிலும்: பாழின் அழகு பற்றி

பாழ்பட்ட கட்டடத்தில் அழகு காண்பது மேலையோரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட சுவை என்பாருளர். அவர்களுக்குத் துணையாகக் காட்டத்தக்கது, செருமானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1809-1810இல் தீட்டிய 'ஓக் காட்டில் மடாலயம்'. அவர் பிறந்த கிரைஃப்ஸ்வால்டு நகருக்கு அண்மையிலுள்ள எல்டேனா மடத்தின் சிதைவே அதற்கு மூலம். இலையுதிர்காலம் கழிந்துவிட்டது, மரங்களில் ஓர் இலையும் இல்லை. எஞ்சிய சுவர் ஒன்று வெற்றுச் சாளரத்தோடு நிற்கிறது. அதன் வாயிலை நோக்கித் துறவியர் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து செல்கின்றனர். கீழே இருள், மேலே வெளிறிய ஒளி. அழகுதான், மறுப்பதற்கில்லை.

எனினும், அகநானூற்றின் 167ஆம் பாடலைக் கற்றார் இச்சுவையை இரவல் என்னார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் காட்டும் பொதியில் நுணுக்கமானது. முருங்கையை மேய்ந்த யானை முதுகை உரிஞ்ச, செங்கற் சுவர் தளர்ந்து விட்டம் வீழ்கிறது. புறாக்கள் மாடத்தைத் துறக்கின்றன. சுவரில் எழுதிய கடவுளும் போய்விட்டது. பலி மறந்த திண்ணையை மெழுகுவார் இல்லை. கைம்மரங்களைக் கறையான் தின்கிறது. இத்தனைக்கும் நடுவே ஈன்ற நாய் ஒன்று தங்கியிருக்கிறது. மனிதர் விட்டகன்ற இடத்தில் மிஞ்சிய ஒரே தாய்மை அதுவே. இந்த நாயைப் பொருட்படுத்தாத திறனாய்வு பாடலைப் பாதியே படித்தது என்போம்.

இரண்டுக்கும் வேறுபாடு பருவத்தில் மட்டுமன்று. எல்டேனாவின் செங்கற்கள் 17ஆம் நூற்றாண்டில், சுவீடியர் ஆட்சியில், அரண் கட்டுவதற்காகப் பெயர்க்கப்பட்டவை. ஓவியத்தில் அந்தக் கைகள் இல்லை. காலமும் குளிருமே மடத்தை அழித்தன என்று நம் கண் நம்பிவிடுகிறது. உருத்திரங்கண்ணனாரோ காரணத்தை முதலில் வைக்கிறார். வணிகச் சாத்தை எறிந்து கொள்ளையிடும் வில்லாடவர்க்கு அஞ்சி ஊர் எழுந்து போயிற்று. பீர்க்கங்கொடி அதன் பின்னரே படர்ந்தது.

இவ்வரிசை நமக்கு முக்கியமானது. இந்நாட்டில் தோட்டங்கள் கைமாறி மக்கள் வெளியேறியபின் தனித்து நின்ற சிறுகோயில்களையும் வரிசை வீடுகளையும் கொடி படர்ந்த கோலத்தில் படம்பிடித்து வியக்கிறோம். எழுந்து போனவர்களைப் பற்றிய ஒரு வரியும் அப்படங்களின் கீழ் இருப்பதில்லை. சங்கப் புலவர் அவ்வரியை விட்டுவிட்டு யானையிடம் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. பாடலில் இப்பாழை எவரும் நின்று இரசிக்கவில்லை. இன்று தலைவியோடு உயர்ந்த மாளிகையில் பூஞ்சேக்கையில் துயின்றவன், நாளை கண் பொருந்தாமல் அங்கே கிடக்க வேண்டுமோ என்று தன் நெஞ்சைக் கேட்கிறான். அவன் புறப்படவில்லை என்பது துறைக்குறிப்பு.