பன்றி யாருடையது? – ஒரு விசாரணைக் கமிஷனின் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்கு ராணுவம் போன வழியெல்லாம் குதிரை, மாடு, சோளம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டே போனது. விறகுக்காக வேலிக் கட்டைகளைக்கூட விடவில்லை. பல இடங்களில் ரசீது கிடையாது. இதற்கு நஷ்ட ஈடு கேட்டவர்களை விசாரிக்கத்தான் 1871-ல் சதர்ன் கிளெய்ம்ஸ் கமிஷன் அமைக்கப்பட்டது. கமிஷனர்கள் மூன்றே பேர். வந்த மனுக்கள் 22,298. கேட்ட தொகை சுமார் 6 கோடி டாலர், கொடுத்தது சுமார் 46 லட்சம். நூறு கேட்டால் எட்டுகூடக் கிடைக்கவில்லை!

ஏன் இப்படி? கேள்விப் பட்டியலைப் பார்த்தால் புரியும். மனுதாரர் போர் முழுக்க வடக்கின் பக்கம் விசுவாசமாக இருந்தாரா என்பதுதான் முதல் சோதனை. சொந்தக்காரர் யாராவது தெற்குப் படையில் இருந்தார்களா? புல் ரன் போர்ச் செய்தி வந்தப்போ உங்க மனசுல என்ன தோணுச்சு? இப்படியெல்லாம் கேட்டிருக்கிறார்கள். மாடு போனது உண்மையா என்று பார்ப்பதற்கு முன்னால், மாட்டுக்காரரின் மனசை எடை போட்டார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய மனசை எந்தத் தராசில் நிறுப்பது?

ஆனால் முன்னாள் அடிமைகள் மனு போட்டபோது விஷயம் தலைகீழானது. அவர்களின் விசுவாசத்தைப் பெரும்பாலும் யாரும் சந்தேகிக்கவில்லை. "சட்டப்படி நீயே இன்னொருத்தரோட சொத்து, உனக்கு ஏது பன்றி?" என்பதுதான் அங்கே சிக்கல். ஜார்ஜியாவின் லிபர்ட்டி கவுண்டியில் அன்றைய வேலையை முடித்தபின் மிச்ச நேரத்தில் சொந்தமாகப் பயிர் வைத்து, கோழி வளர்த்து, குதிரை வரைக்கும் சேர்த்தவர்கள் இருந்தார்கள். பத்திரம் ஏது? அக்கம்பக்கத்தார் சாட்சிதான் பத்திரம். சில வழக்குகளில் பழைய எஜமானரே வந்து, "ஆமாம், அது அவங்களோடதுதான்" என்று சொல்லியிருக்கிறார்.

டிலன் பென்னிங்ராத் 2003-ல் எழுதிய 'தி கிளெய்ம்ஸ் ஆஃப் கின்ஃபோக்' இந்தச் சாட்சியங்களிலிருந்துதான் பேசுகிறது. சொத்துரிமை என்பது காகிதத்தில் இல்லை, உறவுக்காரரும் ஊராரும் ஒப்புக்கொள்வதில் இருந்தது என்கிறார். எனக்கு இது சரியாகவே படுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. "ஊரே பார்த்தது" என்ற பதில் அடிக்கடி வருகிறது என்றால், கமிஷன் அதைத்தான் ஆதாரமாக ஏற்றது என்பதும் ஒரு காரணம். பணம் வேண்டுமென்றால் வேறு எப்படிப் பேசுவார்கள்? ஆக, பதிலைப் படிக்கும்போது கேள்வியையும் சேர்த்தே படிக்கணும்.

இன்னொன்று. ராணுவத்தின் உபயோகத்துக்கு என்று எடுத்த சரக்குக்குத்தான் ஈடு. சிப்பாய்கள் தங்களுக்காகக் கொள்ளையடித்ததும் போரில் நாசமானதும் கணக்கில் வராது. அப்படிப் பார்த்தால், இந்த ஆவணக் குவியல் போரில் ஜனங்கள் இழந்ததன் பட்டியல் அல்ல. அரசாங்கம் காதுகொடுத்துக் கேட்கத் தயாராக இருந்த இழப்புகளின் பட்டியல். ரெண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் நாமும் கமிஷனர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.