டீசலைச் சேமிக்கும் கலை

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 36 டன் வரையிலான மொத்த எடையோடு ஓடும் டிரெய்லர் லாரி, லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டரே தருவதால், அதில் கால் கிலோமீட்டரைக் கூட்டிக்காட்டும் ஓட்டுநரின் திறன் கலையென்றே மதிக்கத்தக்கது. காற்றுத்தடை, அதாவது வண்டி விலக்கிச் செல்லவேண்டிய காற்றின் எதிர்விசை, வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், மணிக்கு 75 மைலிலிருந்து 62 மைலுக்கு இறங்குபவர் அதில் மூன்றிலொரு பங்கைத் தவிர்க்கிறார். 1985இல் கென்வொர்த் நிறுவனம் சரிந்த மூக்குடன் வெளியிட்ட டி600 லாரிக்கு ‘எறும்புதின்னி’ என்ற பட்டப்பெயரே கிடைத்தது. ஆயினும் காற்றுக்கு வழிவிட்டது அந்த மூக்குதான். மேட்டின் உச்சியை நெருங்கும்போதே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, இறக்கத்தில் எடையையே உந்துவிசையாக்கி, கியரிலேயே உருளவிடும் பொறுமையும் அக்கலையின் பகுதியே. அவ்வேளையில் இன்றைய எஞ்சின் டீசல் உட்செலுத்தலையே நிறுத்திக்கொள்கிறது. மாறாக, லாரிக்குள் ஓட்டுநர் உறங்கும் அறையைக் குளிர்விக்க, நின்ற வண்டியின் எஞ்சினை ஓடவிட்டால், மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் செலவாகும்.