ஹார்ட் டிஸ்க் முன்கூட்டியே சொல்லுமா? பனியன் கம்பெனி ஆபீசில் ஒரு சோதனை

குன்னத்தூரிலிருந்து பெருமாநல்லூர் போகும் வழி நெடுக சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள். பவர் டேபிள்கள் ஒரு வரிசை, ஓவர்லாக் ஒரு வரிசை, செக்கிங் மேசை, ஓரத்தில் கண்ணாடி அடைத்த ஆபீஸ் ரூம். டேலி கணக்கு, ஜிஎஸ்டி பில், பார்ட்டி அனுப்பிய அளவு சார்ட், எம்பிராய்டரி மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி ஃபைல்கள், பிரிண்டிங் டிசைன் எல்லாம் அந்த ரூமில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான். தையல் மெஷினுக்கு ஆயில் விடவும் ஊசி மாற்றவும் ஆள் உண்டு. டிஸ்க் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆள் கிடையாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாத்து வைக்கவேண்டும். அத்தனையையும் ஒரு பழைய டிஸ்க்கை நம்பி வைத்திருக்கும் கம்பெனிகளை நினைத்துத்தான் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் சில மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்தேன்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடு புதிதல்ல. 1992-இல் ஐபிஎம் தன் டிஸ்க்குகளில் கொண்டுவந்தது. 1995-இல் காம்பேக் நிறுவனம் டிஸ்க் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து அதை எல்லோருக்கும் பொதுவாக்கும் வேலையைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று எல்லா டிஸ்க்கிலும் இருக்கும் ‘ஸ்மார்ட்’. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை கரண்டு திடீரென்று போனது, எத்தனை செக்டார்கள் கெட்டன என்று டிஸ்க் எழுதிக்கொண்டே இருக்கிறது. அதைத் திறந்து படிக்க ஒரு கருவி வேண்டும்.

முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ஜப்பானிய நிரலாளர் ஒருவர் உருவாக்கிய இலவச மென்பொருள், விண்டோஸில் மட்டும் ஓடும். ஜிப் ஃபைலாக இறக்கினால் இன்ஸ்டால் செய்யக்கூடத் தேவையில்லை. திறந்தவுடன் டிஸ்க்கின் பெயர், வெப்பநிலை, ஓடிய மணி நேரம், நடுவே பெரிய கட்டத்தில் நிலைமை. நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. இங்கிலீஷ் சரளமாக வராத கணக்குப்பிள்ளைகூட நிறத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

இதன் பெரிய பலம் அந்த மஞ்சள்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது பயாஸ் காட்டும் ‘ஸ்மார்ட் ஓகே’ என்ற வரி, தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் மாறும். அந்த எல்லை பெரும்பாலும் மிகத் தாராளமானது. நூற்றுக்கணக்கான செக்டார்கள் கெட்ட பிறகும் ‘ஓகே’ என்றே காட்டும் டிஸ்க்குகள் உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அப்படிக் காத்திருப்பதில்லை. 05, சி5, சி6 என்ற மூன்று எண்ணிக்கைகளில் (விளக்கம் கீழே) ஒன்று ஏறினாலே மஞ்சளைக் காட்டிவிடுகிறது. சின்ன ஆபீசுக்கு இந்தக் கண்டிப்புதான் தேவை.

ஆனால் ஒரு குறை. கீழே உள்ள பட்டியலில் எண்கள் பதினாறடிமான முறையில் வருகின்றன. சாதாரண ஆளுக்கு ஒன்றும் புரியாது. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றுங்கள். அதே மெனுவில் ரெசிடென்ட், ஸ்டார்ட்அப் இரண்டையும் டிக் செய்துவிட்டால் விண்டோஸ் திறக்கும்போதே தானாக ஓடி, கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலையைக் காட்டும். நிலைமை மாறினால் மெயில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. திருப்பூரில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு யூனிட் டிஸ்க்கின் செய்தி போய்ச் சேரும்.

பட்டியலில் பார்க்கவேண்டியவை சிலதான். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6, சரிசெய்யவே முடியாதவை. பிபி இருந்தால் அதையும் பாருங்கள். டிஸ்க் திருத்த முடியாமல் கைவிட்ட பிழைகளின் கணக்கு அது. இந்த நான்கும் பூஜ்யமாக இருக்கவேண்டும். சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 என்ற வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும்; அதன் கணக்குமுறையே அப்படி, பயப்படவேண்டாம். சி7 ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம்.

நம் ஊர் நிலைமையில் சி5-ஐப் படிக்கக் கொஞ்சம் நிதானம் வேண்டும். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்டு போனால் அந்த செக்டார் அரைகுறையாக நின்றுவிடும். அடுத்து அதைப் படிக்கப்போனால் படிக்க வராது, சி5-இல் ஒன்று ஏறும். பிறகு அதே இடத்தில் புதிதாக ஏதாவது எழுதும்போது, இடம் நன்றாக இருந்தால் எண் தானாக இறங்கிவிடும். இடமே கெட்டிருந்தால் சி5-இல் குறைந்து 05-இல் ஏறும். ஆகவே ஒரு நாள் மஞ்சள் தெரிந்தது என்பதை வைத்து டிஸ்க்கைத் தூக்கி எறியவேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். அன்றே பேக்கப் எடுத்துவிட்டு எண்ணைக் குறித்துவையுங்கள். வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் வசதியும் உள்ளேயே இருக்கிறது. பலரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கும் ஆபீஸ்களில் இந்த எண் ஏறுவதற்கான காரணத்தை டிஸ்க்கில் மட்டும் தேடக்கூடாது.

பஞ்சுத் தூசி இன்னொரு விஷயம். டிஸ்க்கின் உள்ளே தூசி போகாது; காற்றுத் துளைக்கு வடிகட்டி உண்டு. ஆனால் கேபினட் ஃபேனையும் ஹீட்சிங்கையும் பஞ்சு போர்வை மாதிரி மூடிவிடுகிறது, உள்ளே சூடு ஏறுகிறது. கேபினட்டைத் திறந்து புளோயர் அடித்த பிறகு வெப்பநிலை இறங்குவதை இந்த மென்பொருளிலேயே கண்ணால் பார்க்கலாம். சூடுதான் டிஸ்க்கைக் கொல்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், சாதாரணச் சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை. மூன்று வருடம் தாண்டிய டிஸ்க்குகளில்தான் அதிகச் சூடு பாதித்தது. நம் யூனிட்டுகளில் ஓடுபவை பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியவை. மாதம் ஒருமுறை புளோயர் அடியுங்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ டிஸ்க் எழுதி வைத்ததைப் படிக்கும். டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லாது. அதற்கு ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் வேண்டும். 2002-இல் தொடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற திறமூலக் கருவிக்கு மேல் போட்ட முகம் இது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இதில் குறுஞ்சோதனை சில நிமிடம், நெடுஞ்சோதனை மணிக்கணக்கில். நெடுஞ்சோதனை டிஸ்க்கின் முழுப்பரப்பையும் படித்துப் பார்க்கிறது. டேலியில் மூன்று வருடமாக யாரும் தொடாத பழைய கணக்கு இருக்கும் மூலையில் கெட்ட செக்டார் இருந்தால், இந்தச் சோதனை இல்லாமல் தெரியவே தெரியாது. சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்ததும் ஓடவிட்டுப் போங்கள். திரையின் தோற்றம் பழையது, எழுத்து சின்னது. இருந்தாலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் இன்னொரு வகையிலும் உதவும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கி விற்பனையாளர்கள் புதிதென்று விற்றது தெரியவந்தது. ‘ஃபார்ம்’ என்ற வேறொரு பதிவு அந்த டிஸ்க்கிலேயே அழியாமல் இருந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்புகள் அந்தப் பதிவையும் படித்துக் காட்டும்.

ஹார்ட் டிஸ்க் சென்டினல் என்ற ஹங்கேரி மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு இத்தனை சதவீத ஆரோக்கியம், இன்னும் இத்தனை நாள் ஆயுள் என்று காட்டுகிறது. விளக்கங்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ‘ஆயிரம் நாளுக்கு மேல்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு பேக்கப்பை மறந்துபோகும் மனிதர்கள் நாம். அந்த நாள் கணக்கை நான் நம்பச் சொல்லமாட்டேன்.

என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் செக்டார் கதை இல்லை. பர்சென்டேஜ் யூஸ்டு எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லும். அவெய்லபிள் ஸ்பேர் குறைகிறதா, மீடியா பிழைகள் பூஜ்யமா என்று பார்த்தால் போதும். அன்சேஃப் ஷட்டவுன்ஸ் என்ற வரி, முறையாக நிறுத்தாமல் எத்தனை முறை கரண்டு போயிருக்கிறது என்று காட்டும். யூபிஎஸ் வாங்கத் தயங்கும் முதலாளிக்கு அந்த எண்ணைக் காட்டுங்கள். எஸ்எஸ்டி பல நேரம் எந்த அறிகுறியும் இல்லாமல் மொத்தமாக நின்றுவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். சிசிடிவி டிவிஆரையும் கவனியுங்கள்: அதில் உள்ள டிஸ்க் இரவு பகலாக எழுதுகிறது. பல டிவிஆர்களின் மெனுவிலேயே ஸ்மார்ட் பக்கம் இருக்கிறது. கேமரா மாட்டுபவர் வரும்போது அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சரி, இந்த எச்சரிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதே கூகுள் கட்டுரைப்படி, பரப்பைப் படிக்கும்போது முதல் பிழை வந்த டிஸ்க்குக்கு, பிழை வராததைவிட 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. எண் ஏறினால் உடனே நகரவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மறுபக்கம், அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் 2016-இல் தன் டிஸ்க்குகளைக் கணக்கெடுத்தபோது, பழுதானவற்றில் 76.7 சதவீதம்தான் அந்த நிறுவனம் கவனிக்கும் ஐந்து ஸ்மார்ட் எண்களில் ஏதாவது ஒன்றில் அறிகுறி காட்டியிருந்தன. மீதி, ஏறக்குறைய நான்கில் ஒன்று, நீலத்தைக் காட்டிக்கொண்டே செத்தவை. மஞ்சள் வந்தால் நம்புங்கள். நீலம் இருப்பதை மட்டும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் தீர்ப்பு: ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை எப்போதும் ஓடவிடுங்கள், மாதம் ஒருமுறை ஜிஸ்மார்ட்கன்ட்ரோலில் நெடுஞ்சோதனை செய்யுங்கள். இரண்டும் இலவசம். காசு செலவழிப்பதாக இருந்தால் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். டேலி பேக்கப்பையும் டிசைன் ஃபோல்டரையும் வாரம் மாற்றி வாரம் ஒவ்வொன்றில் எடுத்து, ஒன்றை எப்போதும் வீட்டில் வையுங்கள். அந்த டிஸ்க்குகளையும் இதே மென்பொருளில் செருகிப் பாருங்கள். சில யூஎஸ்பி அடாப்டர்கள் ஸ்மார்ட் தகவலை வெளியே விடாது; வாங்கும்போதே கடையில் சோதித்து, காட்டுவதை மட்டும் வாங்குங்கள்.