கப்பலில் கட்டாயம், ஆட்டோவில் ஏலம்

பெங்களூரிலிருந்து நாலரை மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் கப்பலேறுவது, ஐ.டி. குடும்பங்களின் விடுமுறைப் பட்டியலில் கூர்க்குக்கும் ஊட்டிக்கும் அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. நடுக்கடலில் நீச்சல் குளம், நள்ளிரவிலும் பீட்சா, மாலையானால் ஆட்டம் பாட்டம் என்று எல்லாம் திருப்தியாகவே போய்க்கொண்டிருக்கும். கணக்குச் சீட்டு வரும்போதுதான் முகம் மாறும். டிக்கெட்டுக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் மேலே, ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் வாக்கில் டிப்ஸ் தானாக ஏறியிருக்கும். பல கப்பல்களில் குழந்தைக்கும் அதே தொகை. நாலு பேர், நாலு இரவு என்றால் 288 டாலர். நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும்.

கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு டிப்ஸ் என்று பெயரா என நம்மவர்கள் பொங்குவதில் நியாயம் இருக்கிறது. நம் வழக்கத்தில் இனாம் முகம் பார்த்துக் கொடுப்பது. தீபாவளிக்குத் தபால்காரருக்கு, ஆயுத பூஜைக்கு அடுக்ககக் காவலாளிக்கு, மூட்டை தூக்கி வந்தவருக்கு டீ காசு. எவ்வளவு என்பதைக் கொடுப்பவர் தீர்மானிப்பார், வாங்குபவர் தலையைச் சொறிவார். அந்தத் தலைசொறிதலில் ஒரு பழைய ஆண்டான்-அடிமைக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை மட்டும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

கப்பலின் ஏற்பாடு அந்தக் கணக்கை ஓரளவு உடைக்கிறது. தினசரித் தொகை பொதுவில் சேர்ந்து, அறையைச் சுத்தம் செய்பவர், உணவு பரிமாறுபவர் என்று பங்காகிறது. சில நிறுவனங்களில் சலவைக்கூடத்திலும் பாத்திரம் கழுவுமிடத்திலும் இருப்பவர்களுக்கும் போகிறது. பயணி கண்ணிலேயே படாத ஒருவருக்கு, சிரித்துக் குழையாமலே பங்கு கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் இந்தத் தொகை எதை ஈடுகட்டுகிறது என்று பார்த்தால் கதை வேறு. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே செல்லாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா, கேரளம் என்று ஆள் எடுக்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்துவிட்டு, மீதியைப் பயணியின் கணக்கில் ஏற்றுகிறார்கள்.

இது கடலில் பிறந்த தந்திரமுமல்ல. அடிமை முறை ஒழிந்தபின், அமெரிக்க ரயில்களில் புல்மன் நிறுவனம் கறுப்பினப் பணியாளர்களை அற்பச் சம்பளத்தில் அமர்த்தி, மிச்சத்தைப் பயணிகளிடம் தேடிக்கொள்ள விட்டது. அவர்கள் 1925-இல் சங்கம் கண்டு, 1937-இல்தான் ஒப்பந்தம் பெற்றார்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்னும் அமெரிக்க மத்தியச் சட்டம் 1991 முதல் அப்படியே நிற்கிறது. இந்தப் பழக்கம்தான் கப்பலேறி ஆசியாவுக்கு வந்திருக்கிறது. பிரிட்டனின் பி அண்டு ஓ நிறுவனம் 2019-இல் தினசரி டிப்ஸைக் கைவிட்டது. கப்பல் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

பல கப்பல்களில் வரவேற்பு மேசைக்குப் போய் இந்தத் தொகையை நீக்கச் சொல்லலாம். சாமர்த்தியமாக நீக்கிவிட்டு வந்ததைச் சொல்லிப் பெருமைப்படும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோபம் நிறுவனத்தின் மேல், அடி விழுவது தினமும் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்துவிட்டுப் போனவர் மேல்.

ஊருக்குத் திரும்புவோம். கட்டாய டிப்ஸை வெறுக்கும் இதே பெங்களூர், டிப்ஸே இல்லாத ஓர் ஏற்பாட்டை நாற்பது வருஷத்துக்கு மேலாக நடத்தி வருகிறது. 1983-இல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினியும் அதன் வழி வந்தவையும் பரிமாறும் ஆளையே எடுத்துவிட்டன. டோக்கன் வாங்கு, நின்றபடி சாப்பிடு, தட்டைத் தொட்டியில் போடு. இட்லி விலைதான் விலை. தோசை மாஸ்டருக்கும் மேசை துடைப்பவருக்கும் சேர வேண்டியது அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். தர்ஷினி முதலாளிகள் தர்மவான்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சம்பளம் குறைவு என்றால் குறை யாருடையது என்பது அங்கே மறைவதில்லை, அவ்வளவுதான்.

இந்திராநகர் நூறடிச் சாலை உணவகங்களில் பில்லின் அடியில் பத்து சதவீத சேவைக் கட்டணம் ஏறத் தொடங்கியபோது மறைப்பு வேலையும் கூடவே வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இப்படித் தானாகச் சேர்க்கக்கூடாது என்றது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட, 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. நல்ல தீர்ப்புதான்.

ஆட்டோ விஷயம் இவ்வளவு நேரானதல்ல. மழை பெய்யும் ஒரு மாலையில் மாரத்தஹள்ளியிலிருந்து செயலியில் ஆட்டோ தேடினால், யாரும் வராத நிலையில் பத்து, இருபது, முப்பது என்று டிப்ஸ் சேர்க்கச் சொல்வது வழக்கமாக இருந்தது. ஓட்டுநர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை என்று 2022-இல் இந்த ஊரில் தொடங்கிய நம்ம யாத்ரியிலும் இது இருந்தது. ஊபர் இதைச் செய்தபோது, 2025 மே மாதம் மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி கண்டித்தார், ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வேலை முடிந்தபின் மனம் நிறைந்து கொடுப்பதை வேலைக்கு முன்பே கேட்பது நியாயமற்ற வணிகம் என்பது அவர் வாதம். அவர் தார்வாட் எம்.பி., பெங்களூர் ஆட்டோவின் குணம் தெரியாதவரல்ல.

அந்த வாதம் பாதி சரி. முன்கூட்டிய டிப்ஸ் உண்மையில் ஏலம். எல்லோரும் இருபது சேர்த்தால் யாரும் முந்துவதில்லை, அடிவிலை மட்டும் ஏறுகிறது. ஒயிட்ஃபீல்டு மென்பொருள்காரரும் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் நர்ஸும் ஒரே ஆட்டோவுக்குப் போட்டியிட்டால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுபாதியைக் கேட்க, செயலி வருவதற்கு முந்தைய பெங்களூரை நினைத்துப் பார்க்க வேண்டும். மெஜஸ்டிக்கில் இறங்கினால் “ஒன் அண்ட் ஹாஃப்”, இரவானால் “டபுள் மீட்டர்”. கன்னடம் தெரிந்தால் ஒரு விலை, தமிழில் பேசிச் சமாளித்தால் ஒரு விலை, இந்தியில் கேட்டால் இன்னொன்று. திரையில் தெரிந்த இருபது ரூபாய்க்கு மொழி இல்லை, முறைப்பு இல்லை. ஓட்டுநருக்கும் மொத்தம் எவ்வளவு என்று ஏற்பதற்கு முன்பே தெரிந்தது. பேரத்தின் அவமானத்தை இரண்டு பக்கமும் குறைத்தது என்ற அளவில் இதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அந்த இருபது ரூபாய் எதனால் தேவைப்பட்டது என்பதை அமைச்சரின் கண்டனம் தொடவில்லை. 2021 டிசம்பரில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 15 என்று வைத்த ஆட்டோ கட்டணம் 2025 ஆகஸ்ட் வரை அசையவில்லை. எரிவாயு, உதிரிபாகம், வீட்டு வாடகை எதுவும் அப்படி நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒயிட்ஃபீல்டில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரத்துக்கு மீட்டரில் இடமே இல்லை. அரசு திருத்தாத கட்டணத்தைப் பயணிகள் பத்துப் பத்தாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கப்பல் முதலாளி கொடுக்காத சம்பளத்தைப் பயணி கொடுப்பதும் இதே ரகம். வித்தியாசம் ஒன்றுண்டு. கப்பலில் ஒளிந்துகொள்வது லாபம், இங்கே ஒளிந்துகொள்வது அரசின் சோம்பல்.

2025-இல் கர்நாடகம் கொண்டுவந்த கிக் (செயலி வழி வேலை செய்யும்) தொழிலாளர் சட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனத்திடமிருந்து நல நிதிக்கு எடுக்க அது வழி செய்கிறது. பயணியின் மனநிலையை நம்பாத பணம் அது. டிப்ஸை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

அதே ஆண்டு இறுதியில் மத்திய அரசின் செயலி வாகன நெறிமுறைகளில், பயணம் முடிந்த பிறகே டிப்ஸ் கேட்கலாம், முழுத் தொகையும் ஓட்டுநருக்கே போக வேண்டும் என்று திருத்தம் வந்தது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் பெங்களூர் ஓட்டுநரிடம் செயலியைத் தவிரத் தொலைபேசியும் இருக்கிறது. “எங்க டிராப் சார்? எவ்ளோ காட்டுது? மேல முப்பது குடுங்க, வரேன்.” திரையிலிருந்து விரட்டிய பேரம் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகஸ்ட் திருத்தத்தில் கட்டணம் 36 ரூபாயும் கிலோமீட்டருக்கு 18-உம் ஆனது சரி. காத்திருப்புக்கு மட்டும், முதல் ஐந்து நிமிடம் போக ஒவ்வொரு கால் மணிக்கும் 10 ரூபாய்தான். சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மாலை ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் அந்த முப்பது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.