கோவலன் செலவும் கண்ணகி சொல்லும்

சிலப்பதிகாரத்தை ஊழ்வினையின் காப்பியம் என்பார் பலர். கற்பின் காப்பியம் என்பார் அவரினும் பலர். செல்வர் தம் பொருளைச் செலவிடும் முறையை எடைபோடும் காப்பியமாகவும் அஃது அமைந்துள்ளமை அதிகம் பேசப்படுவதில்லை. அந்நோக்கில் அதனைச் சிறிது ஆராய்வாம்.

புகாரின் பெருவணிகர் குடிகள் இரண்டு மணவுறவு கொள்கின்றன. மணச்செய்தியை ஊரார்க்கு அறிவிக்க மகளிர் யானைமீதேறிச் செல்கின்றனர். இவ்வாரவாரத்தை இளங்கோவடிகள் பழிக்கவில்லை. ஊரார் அனைவரும் அம்மகிழ்ச்சிக்கு அழைக்கப்பட்டனர். எனவே, செல்வத்தையோ அதன் நுகர்ச்சியையோ அடிகள் வெறுத்தார் என்பது பொருந்தாது.

அரங்கேற்று காதையில் நிலைமை வேறாகின்றது. நகரத்துச் செல்வ இளைஞர் உலாவும் தெருவில், கூனியின் கையில் மாதவியின் மாலை நிற்கின்றது. அதன் விலை 1008 கழஞ்சு பொன். மாலை அழகியதா என்பதன்று அங்கே வினா. அவ்விலையைத் தரவல்லார் யாவர் என்பதே வினா. கோவலன் மாலையோடு தன் பெருமையையும் பலர் காண விலைகொடுத்து வாங்கினான். செல்வர் பலவற்றை வாங்குவது தம் நிலையைப் பிறர்க்குக் காட்டுதற்கே என 1899ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் விளக்கினார். அதனைக் கதையாகவே நமக்குக் காட்டிவிட்டார் அடிகள்.

அங்ஙனமாயின் கோவலன் ஈகையற்றவனோ எனின், அன்று. யானையின் பிடியினின்று முதிய அந்தணனை மீட்டமையையும், கீரியைக் கொன்ற பார்ப்பனியின் குடும்பத்தைப் பொருளுதவி செய்து ஒன்றுசேர்த்தமையையும் அடைக்கலக் காதையில் மாடலன் எடுத்துரைக்கின்றான். வாரி வழங்கிய அவன் செலவிற் குற்றம் யாது?

அதற்கு விடை கொலைக்களக் காதையில் உளது. மாதரியின் மனையில் உணவுண்டபின் கோவலன் தன் பிழையை நினைந்து வருந்துகின்றான். கண்ணகி இழந்த பொன்னைப்பற்றி ஒரு சொல்லும் கூறினாளல்லள். அறவோரையும் அந்தணரையும் துறவோரையும் பேணி, விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றினைத் தான் இழந்ததையே கூறுகின்றாள். தெருவிற் கொடையாளியாய் விளங்கியவன் வீட்டில் விருந்தோம்பல் நின்றுபோயிற்று. ஒருவன் எவ்வளவு செலவிட்டான் என்பதை அடிகள் கணக்கிடவில்லை. அச்செலவினால் யாருடைய பங்கு இல்லாமற் போயிற்று என்பதையே கணக்கிடுகின்றார்.

இக்கணக்கு நம் ஊர்க்கும் உரியது. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. அங்கும் பெரும்பொருள் செலவாகின்றது. ஆயினும் வடம்பிடிக்கும் கைகளில் தோட்டத் தொழிலாளியின் கையும் உண்டு, கடை முதலாளியின் கையும் உண்டு. மண்டபத்து மணவிழாக்கள் சிலவற்றில் காண்பது இதற்கு மாறானது. ஒருமுறை உடுத்தற்கு விலையுயர்ந்த பட்டு. தின்றதினும் மிஞ்சிக் கொட்டிய உணவு. பந்தியிற் கூட வசதிக்கேற்ற வரிசை. செல்வர் செய்வதைக் கண்டு, நாட்கூலியால் வாழும் லயன் குடும்பமும் நகையை ஈடுவைத்து அவ்வாறே செய்ய முயல்கின்றது. செல்வன் மறுநாளே மறந்துவிடும் செலவு, ஏழைக்குப் பல்லாண்டுக் கடனாகின்றது. அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்புச் செலவே முதலில் நிறுத்தப்படுகின்றது.

மதுரைக்கு வந்த கோவலன் நவமணிக் கடையும் பொற்கடையும் துணிக்கடையும் கண்டு மகிழ்கின்றான். அவன் கையில் எஞ்சியிருந்ததோ மனைவியின் சிலம்பு மட்டுமே. வாங்குவோனாய் வாழ்ந்தவன் விற்பவனாய் அவ்வீதிகளைக் கடக்கின்றான். ஊழ் அவனைக் கொன்றது என்பது உண்மையே. ஆயினும் சிலம்பை விற்கவேண்டிய நிலைக்கு அவனைக் கொண்டுவந்தது அவன் செலவேயாம்.

இக்காப்பியத்தைத் தேர்வுக்காகப் பயிலும் மாணவர், நாளை பொருளீட்டுங்காலத்தும் கண்ணகியின் அச்சொல்லை நினைவிற் கொள்வாராக.