வலைக்குள்ள கண்

பெரியநீலாவணைக் கடற்கரையில் பின்னேரம் வலை பொத்துகிறவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பாருங்கள். அறுந்த இடத்தில் ஊசி போகிற வேகம் அழகுதான். நான் ரசிப்பது அதையல்ல, நூலுக்கு நடுவில் விடுகிற வெற்றிடத்தை. அதைக் ‘கண்’ என்று சொன்னவர் யாரோ, கெட்டிக்காரர்.

அலாஸ்காவில் பனிக்காலத்தில் விமானத்தில் பறந்து மூஸ் என்னும் பெரிய மானை எண்ணி, எத்தனையைச் சுடலாமென்று முடிவெடுக்கிறார்கள். கடலுக்குள் அப்படி எண்ண முடியுமா? இங்கே கணக்கு கண்ணில் இருக்கிறது. செவுள்வலையில் குஞ்சு நுழைந்து போய்விடும். அளவான மீன் செவுளில் மாட்டும். மிகப் பெரியது தலை நுழையாமல் திரும்பிவிடும். நடுவயது மட்டும் பிடிபட, முட்டையிடும் பெரியதுகளில் சில தப்புகின்றன. கரைவலையின் கதை வேறு. வலையின் இரு கைகளில் கண் அகலம், மீன் சேரும் மடியில் நெருக்கம். மடிக்கண்ணை இன்னும் சுருக்கினால் நாளைய பாரையெல்லாம் இன்றே கருவாடு.

ஒற்றை இழை நைலானில் பின்னும் தங்கூசி வலை மலிவு, தண்ணீரில் தெரியாது, பிடியும் அதிகம். ஆனால் கடலில் தொலைந்தால் உக்காமல் கிடந்து, ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் இலங்கையில் அது தடை. சட்டம் சரி, கரையில் அதிகாரி நிற்காத நாளில் காவல் இந்தச் சின்னக் கண்தான்.

அடுத்தமுறை சந்தையில் விரல் நீளப் பாரைக்குஞ்சு குவிந்திருந்தால், வாங்காமல் வாருங்கள்.